முதலில் கெட்ட செய்தி

கிட்ட வாங்க, கண்ணுங்களா. பின்னால் நிற்கிறவர்களும் முன்னால் வாங்க, இடம் இருக்கிறது. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் தணித்துவிட்டு வந்து உட்காருங்கள். கதை கேட்டு அடிப்பிடித்துப் போச்சு என்று என்மேல் பழி வரக்கூடாது. இன்றைக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் படகு வாங்கப் போகிறார்கள். எந்தப் படகு என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குள் அவர்கள் வீட்டு வாசலில் வெகுகாலமாக நின்றுகொண்டிருந்த ஒரு விஷயம் வெளியே வந்துவிடும். சொன்ன சொல் தவற மாட்டேன்.

போன வாரம் வராதவர்களுக்கு ஒரு வாய் முன்கதை.

நம்ம ரொட்டிக்காரர் ராத்திரி முழுக்க அடுப்புச் சூட்டில் நின்று ஊருக்குக் காலை ரொட்டி சுட்டவர். அவர் மனைவி பஸ் டிப்போவில் பகல் கன்ட்ரோலர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எதில் ஏற வேண்டும் என்று மைக்கில் சொல்கிறவள். டிப்போக்காரி என்றுதான் அவளை நாம் கூப்பிட்டு வருகிறோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் மாவு அப்பிய கையோடு வீட்டுக்குள் நுழைவார், இவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவாள். வாசலில் சாவி கைமாறும். அந்தச் சாவி மாறுகிற நேரம்தான் அவர்கள் குடும்பம் நடத்திய நேரம்.

அந்த வாசலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல. தூங்கப் போகிறவர் காதிலும் வேலைக்குப் போகிறவர் காதிலும் கெட்ட செய்தி போடக்கூடாது. குழாய் உடைந்து வீடு குளமானாலும், பெண் பள்ளிக்கூடத்தில் பல்லை உடைத்துக்கொண்டு வந்தாலும், வாசலில் ஒரே வாக்கியம்: "எல்லாம் நல்லாருக்கு." அப்புறம் நேரம் பார்த்து, ஆற வைத்து, மெதுவாகச் சொல்லிக்கொள்வார்கள். சிலதைச் சொல்லவே நேரம் கிடைக்காமல் தானாக ஆறிப்போனதும் உண்டு.

இப்போது இரண்டு பேரும் வேலையை விட்டாயிற்று. கரையோரமாகப் பாய்மரப் படகு ஓட்டப் படித்து, பரீட்சையும் தேறிவிட்டார்கள். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போக வேண்டும், படகிலேயே குடியிருக்க வேண்டும் என்று ஆசை. வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது; குடித்தனக்காரர்கள் மாதக் கடைசியில் வருகிறார்கள். பல படகுகளைப் பார்த்துக் கழித்து, மிச்சம் நிற்பது இரண்டு. பெரியதுக்கு வேறொரு குடும்பம் நாளைக்கு வருவதாகத் தரகர் சொல்லிவிட்டதால், முடிவு இன்றைக்கே.

போன வாரம் மகளிடம் டிப்போக்காரி சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். "எனக்குக் கடலும் வேண்டாம், தீவும் வேண்டாம்டி. உங்கப்பாவை முழிச்சிருக்கும்போது பார்க்கணும். அதுக்குத்தான் போறேன்."

அதை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

*

படகுத்துறையில் காலை வெயில். கயிறுகள் பாய்மரங்களில் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தன. தரகர் முன்னால் நடந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் பல்குத்தும் குச்சி. மகளும் கூட வந்திருந்தாள். லீவு போட்டு வந்தேன் என்றாள். காரை ஒதுக்குப்புறமாக நிறுத்தியிருந்தாள்.

பெரிய படகுக்கு ரொட்டிக்காரர் வைத்த பெயர் அரண்மனை. வெள்ளை வெளேரென்று, உள்ளே இறங்கினால் கூடம் மாதிரி அகலம். பின்பக்கம் கதவு போட்ட படுக்கையறை. சமையலறையில் இடுப்புயரத்துக்கு ஒரு ஓவன்.

ரொட்டிக்காரர் ஓவனைத் திறந்தார். உள்ளே கையை விட்டார். அடித்தட்டைத் தடவினார். கதவின் ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பொண்ணு பார்க்க வந்த எடத்துல மாமியாரைப் பார்த்து மயங்கின மாதிரி இருக்கு," என்றாள் டிப்போக்காரி. "படகைப் பாருங்க."

"பார்த்துட்டேன். நல்லாருக்கு."

"என்ன பார்த்தீங்க?"

"சூடு ஒரே சீரா பரவும்."

தரகர் சிரித்தார். "அண்ணே, இது படகில்லை. இது ஒரு வாழ்க்கை."

"பிரேக் இல்லாத வாழ்க்கை," என்றாள் மகள்.

டிப்போக்காரி சமையலறையின் நடுவில் நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். எந்தப் பக்கமும் எட்டவில்லை.

"படகு சாயும்போது நான் எதைப் பிடிச்சுக்கறது?"

"சாயாதும்மா," என்றார் தரகர்.

"பாய்மரப் படகு சாயாதா? அப்ப பரீட்சையில எனக்குத் தப்பா மார்க் போட்டுட்டாங்க."

தரகர் குச்சியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார்.

பின்னறைக்குப் போனாள். அகலமான கட்டில். ஏறிப் படுத்துப் பார்த்தாள். இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆடுகிற கடலில் இந்தக் கட்டிலில் படுத்தால் தட்டில் போட்ட எலுமிச்சம்பழம்தான். இந்த ஓரமும் அந்த ஓரமும் உருண்டே விடிந்துவிடும். எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"நாள்கணக்கா போகும்போது ராத்திரி எப்படி? நங்கூரம் போட முடியாதே, அவ்வளவு ஆழத்துல?"

"முடியாது. ஓடிக்கிட்டேதான் இருக்கும். நீங்க ரெண்டே பேர்தானே? ஒருத்தர் மேல முழிச்சிருப்பீங்க, ஒருத்தர் இங்க தூங்குவீங்க. மாத்தி மாத்தி. பகல்லயும் அப்படித்தான் ஓடும்."

வகுப்பில் வாத்தியாரும் இதைச் சொல்லியிருப்பார். காதில் விழுந்ததெல்லாம் மனசில் விழுந்துவிடுகிறதா? வகுப்பில் அவர்கள் ஓட்டியதெல்லாம் பகல் ஓட்டம். சாயங்காலம் கரைக்கு வந்து சேர்ந்து டீ குடிப்பார்கள். ஷிஃப்ட் போட்டே பிழைப்பு நடத்தியவளுக்கு இது இப்போதுதான் உறைத்தது.

"அப்ப மறுபடியும் ஷிஃப்டா?" என்றாள்.

ஓவன் பக்கத்திலிருந்து ரொட்டிக்காரரின் குரல் உற்சாகமாக வந்தது. "நமக்கு என்னம்மா கவலை? மத்தவங்களுக்குத்தான் அது கஷ்டம். நமக்குக் கைவந்த கலை!"

டிப்போக்காரி கட்டிலிலிருந்து இறங்கி, கதவை ஒரு தடவை சாத்தித் திறந்து பார்த்தாள். நல்ல கனமான கதவு. உள்ளிருப்பவர் குறட்டை வெளியே கேட்காது. வெளியே இருப்பவர் கூப்பிட்டால் உள்ளே கேட்காது.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அப்பா அவளைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். மகள் வாயை மூடிக்கொண்டாள்.

அதை டிப்போக்காரி கவனிக்கவில்லை. நாம் கவனித்தோம். இருக்கட்டும்.

*

இரண்டாவது படகு துறையின் கோடியில் கட்டியிருந்தது. சின்னது, பழசு, அடிவயிறு பருத்தது. மகள் பார்த்ததுமே சொன்னாள், "ஐயோ, வாத்து." அந்தப் பெயரே நின்றுவிட்டது.

உள்ளே இறங்கினால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத்தான் சமையலறை. முன்னால் அடுப்பு, பின்னால் முதுகு முட்டுகிற பலகை. டிப்போக்காரி நின்று பார்த்தாள். இடுப்பு இந்தப் பக்கம் முட்டியது, முழங்கை அந்தப் பக்கம் முட்டியது.

"இங்க விழணும்னாலும் விழ முடியாது," என்றாள்.

"ஓவன் எங்க?" என்று கேட்டார் ரொட்டிக்காரர்.

"ஓவன் இல்லைண்ணே. ரெண்டு பர்னர். படகு சாய்ஞ்சாலும் அடுப்பு நேரா நிக்கும், ஊஞ்சல் மாதிரி தொங்குது பாருங்க."

ரொட்டிக்காரர் அடுப்பை விரலால் தட்டி ஆட்டிப் பார்த்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

படிக்கட்டை ஒட்டினாற்போல் ஒரு குறுகலான படுக்கை. ஆள் உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் தடித்த துணித்தடுப்பு. மேலே சுக்கான் பிடிக்கிற இடம், கீழே இந்தப் படுக்கை. நடுவில் கதவென்று ஒன்று கிடையாது.

"ஓட்டிப் பார்க்கலாமா?" என்றாள் டிப்போக்காரி.

மதியக் காற்று நன்றாக இருந்தது. நாலு பேருமாக வெளியே வந்தார்கள். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் ரொட்டிக்காரர் சுக்கான் பிடியை வாங்கிக்கொண்டார். தரகரும் மகளும் முன்பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

"நான் கீழ போய்ப் படுக்கறேன். தூங்கி எழுந்து மாத்திக்கறாப்பல ஒரு ஒத்திகை. கூப்பிடுங்க," என்று சொல்லி டிப்போக்காரி இறங்கினாள்.

தூங்கவெல்லாம் இல்லை. படுத்துக்கொண்டு கண்ணை முக்கால்வாசி மூடினாள். தலைக்கு மேலே, கையெட்டும் தூரத்தில், அவருடைய கால். செருப்புக்கு வெளியே பெருவிரல் அசைந்தது. கொஞ்சம் தலையைச் சாய்த்தால் முகமும் தெரிந்தது. பாயைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி பாயைப் பார்த்தார். உதடு மெல்ல முணுமுணுத்தது. ஓ, இப்படித்தான் அடுப்படியில் ரொட்டிக்கு நேரம் எண்ணியிருப்பார் என்று தோன்றியது அவளுக்கு.

இந்த மனுஷன் வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. யோசித்துப் பாருங்கள். அவர் சுட்ட ரொட்டியைத் தின்று ஒரு பெண்ணையும் வளர்த்துவிட்டாள். அவர் சுடுவதைப் பார்த்ததில்லை.

ஷிஃப்ட் என்று மனசில் விழுந்திருந்த முடிச்சு கொஞ்சம் இளகியது. தனித்தனி கூரையில் இருந்து மாறி மாறித் தூங்குவது ஒன்று. கையெட்டும் தூரத்தில் படுத்து மாறி மாறித் தூங்குவது வேறொன்று.

"என் முறை," என்று எழுந்து மேலே வந்தாள்.

அவர் பிடியை அவள் கையில் கொடுத்தார்.

"எல்லாம் நல்லாருக்கு. காத்து சுகமா இருக்கு. நேரா போ."

கீழே இறங்கினார். படுத்தார். பகலில் படுத்துப் பழகிய உடம்பு. தலை சாய்ந்ததுமே குறட்டை.

டிப்போக்காரி நேராகப் போனாள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. முன்பாய் சாய்ந்து அந்தப் பக்கத்துக் கடலை மறைத்தது. முன்னால் உட்கார்ந்திருந்த தரகர் திரும்பி, துறைமுகத்தின் அழகை மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

டங்கென்று ஏதோ படகில் மோதியது. அப்புறம் யாரோ கீழேயிருந்து வாலைப் பிடித்து இழுத்த மாதிரி வாத்து நின்றுவிட்டது.

மகள் கைப்பிடிக் கம்பியில் முழங்கையை இடித்துக்கொண்டாள். தரகரின் குச்சி கடலுக்குப் போனது. கீழே சட்டி பானை உருண்டது. குறட்டை நின்றது.

"வலை!" என்று கத்தினார் தரகர். "மீன் வலை! கறுப்பு மிதவை!"

டிப்போக்காரி கத்தவில்லை. டிப்போவில் விபத்துச் செய்தி வந்தால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். பாயைப் பிடித்திருந்த கயிறுகளை அவிழ்த்துவிட்டாள். பாய் காற்றை விட்டுப் படபடத்தது. படகின் இழுப்பு அடங்கியது. விளிம்பில் குனிந்து பார்த்தாள். வலையின் கயிறு விறைப்பாக வயிற்றுக்கு அடியில் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கயிறு தொய்ந்தது. பிறகு, சோப்புக் கையிலிருந்து வளையல் கழலுகிற மாதிரி, அடியில் வழுக்கிக்கொண்டு போய்ப் படகுக்குப் பின்னால் மிதவைகள் ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்தன.

"அப்பாடா," என்றார் தரகர். "இதுக்கு வயித்துக்கு அடியில இருக்கிற தண்டு முன்னாலேருந்து பின்னால வரைக்கும் நீளம்மா. சுக்கான் அதோட ஒட்டி இருக்கு. கயிறு மாட்ட இடமே இல்லை. அரண்மனையா இருந்தா இந்நேரம் சுக்கான்ல சுத்தி, யாராவது தண்ணிக்குள்ள இறங்கி அறுத்துக்கிட்டு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரிய படகு விற்றால்தானே அவருக்குப் பெரிய கமிஷன்.

ரொட்டிக்காரர் படியில் நின்றிருந்தார். தலைமுடி கலைந்து, முகம் வெளுத்து.

டிப்போக்காரி அவரைப் பார்த்தாள். தூங்கி எழுந்தவர் முகத்தில் பயம் இருக்கலாம். ஆச்சரியம் இருக்க வேண்டும். அது இல்லை.

"பார்த்தீங்களா?"

"என்னத்தை?"

"மிதவையை. என் கையில குடுக்கறதுக்கு முன்னாடி."

அவர் கலைந்த முடியைக் கையால் கோதினார்.

"தூரத்துல இருந்துச்சு," என்றார்.

"ஏன் சொல்லலை?"

"நீ அப்பதான் எழுந்து வந்தே. வந்ததும் வராததுமா எதுக்குன்னு... கொஞ்சம் கழிச்சுச் சொல்லலாம்னு படுத்தேன். தூங்கிட்டேன்."

"இதுக்குத்தான் சொன்னேன், ரெண்டு பேரும் போக வேண்டாம்னு," என்றாள் மகள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டே.

"நீ சும்மா இரு," என்றாள் டிப்போக்காரி. குரல் ஏறவில்லை. "என் டிப்போவில வண்டியை மாத்திவிடற டிரைவர் முதல்ல என்ன சொல்லணும் தெரியுமாங்க? பிரேக் இழுக்குது, டயர் தேய்ஞ்சிருக்கு, கண்ணாடி விரிசல். நல்லதைக் கேக்கவே மாட்டேன். எல்லாம் நல்லாருக்குன்னு சொல்ற டிரைவர் குடுத்த வண்டியை அன்னிக்கு வெளிய விட மாட்டேன்."

"டிப்போவுக்கு அந்தச் சட்டம். வீட்டுக்கு?" என்றார் ரொட்டிக்காரர்.

"என்ன வீட்டுக்கு?"

"எங்கம்மா பாத்ரூம்ல விழுந்தன்னிக்கு, வாசல்ல வந்து நின்னேன். எல்லாம் நல்லாருக்குன்னுதானே சொன்னே? தூங்கி எழுந்தப்புறம்தானே எனக்குத் தெரியும்?"

டிப்போக்காரி அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினாள்.

"ராத்திரி முழுக்க நின்னுட்டு கண்ணு சிவந்து வந்தீங்க," என்றாள். "மனசு வரலை."

"எனக்கும் அதேதாம்மா. மனசு வரலை."

தரகர் கடலைப் பார்த்தார். குடும்பச் சண்டையில் பார்ப்பதற்குக் கடல் மாதிரி வசதியான பொருள் கிடையாது.

"நான் உங்களைக் குத்தம் சொல்லலைங்க," என்றாள் டிப்போக்காரி. "வீடு நின்ன இடத்துல நிக்கும். நாம சொல்லாம விட்டாலும் அது எங்கயும் போய் முட்டிக்காது. இது போய்க்கிட்டே இருக்குமே. நீங்க சொல்லாததுமேலதான் நான் நேரா ஓட்டிக்கிட்டுப் போவேன்."

ரொட்டிக்காரர் தலையாட்டினார்.

"இனிமே கை மாத்தும்போது முதல்ல கெட்டது. நல்லது அப்புறம். இதுக்கு உங்களால முடியும்னா போலாம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, படகு வேண்டாம். வீட்டுல உட்கார்ந்து ரெண்டு பேரும் முழிச்சிருப்போம்."

"முடியும்," என்றார். உடனே சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார்.

*

திரும்பும்போது அவர் ஓட்டினார். துறைமுகச் சுவர் தெரிய ஆரம்பித்ததும் டிப்போக்காரி எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

"என் முறை. சொல்லுங்க."

ரொட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். பாவம், புதுப் பாடம்.

"கெட்டது. வலப்பக்கம் ஒரு மீன்பிடிப் படகு, நமக்குக் குறுக்கே வரலாம். காத்து ஏறுது, பாயைக் குறைக்கணும். என் கண்ணு ரெண்டும் எரியுது."

"அவ்வளவுதானா?"

அவர் பிடியை விடவில்லை. பாய்மரத்தடியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இந்தத் தடவை அதை டிப்போக்காரி பார்த்துவிட்டாள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "படகுது இல்லை."

"சொல்லுங்க."

"நம்ம பொண்ணு, புருஷன் வீட்டை விட்டு வந்துட்டா. பெட்டி கார் டிக்கியில இருக்கு. போன வாரமே எங்கிட்ட சொல்லிட்டா. படகு முடிவாகற வரைக்கும் உங்கிட்ட சொல்ல வேண்டாம்னா. நானும் சரின்னுட்டேன்."

டிப்போக்காரியின் கை காற்றில் அப்படியே நின்றது. திரும்பி மகளைப் பார்க்கத்தான் மனசு துடித்தது. எந்தத் தாய்க்குத் துடிக்காது? ஆனால் சுவர் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மீன்பிடிப் படகு எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

"வலப்பக்கம்."

"சரி. விடுங்க, நான் எடுத்துக்கறேன்."

பிடி கைமாறியது. அவள் கண் முன்னாலேயே இருந்தது. அவர் பாயைக் குறைத்துக் கட்டிவிட்டு வந்தார்.

"நல்லது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"இருக்கு. நான் இப்ப தூங்கப் போறதில்லை. இங்கதான் உட்காரப் போறேன்."

உட்கார்ந்தார். அவள் முழங்காலும் அவர் முழங்காலும் இடித்துக்கொள்கிற அளவுக்குத்தான் அங்கே இடம். மீன்பிடிப் படகு குறுக்கே வந்தது; அவள் வழிவிட்டு, சுவரைச் சுற்றி, வாத்தைத் துறையில் பூப்போல ஒட்டினாள். கயிறுகளைக் கட்டி முடித்தார்கள்.

தரகர்தான் ஆரம்பித்தார். "நாளைக்கு அவங்க வர்றாங்கம்மா. அரண்மனையா, வாத்தா?"

டிப்போக்காரி புருஷனைப் பார்த்தாள்.

"ஓவனை மறந்துடணும்," என்றாள்.

ரொட்டிக்காரர் பெருமூச்சு விட்டார். "சட்டியில ரொட்டி சுடத் தெரியாதவன் என்ன ரொட்டிக்காரன்? வாத்தே இருக்கட்டும். அங்க அந்தக் கதவைச் சாத்திட்டு நான் படுத்தேன்னா, நீ கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காது."

"வாத்து," என்றாள் தரகரிடம். "படகை வெளியே தூக்கி, அடியை ஒரு ஆள் வெச்சு முழுசா சோதிச்சப்புறம் கையெழுத்து. அந்த ஆள்கிட்டயும் சொல்லி வைங்க. முதல்ல கெட்டதைச் சொல்லணும்."

தரகர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே போனார்.

அப்புறம்தான் அவள் மகள் பக்கம் திரும்பினாள். மகள் காரின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுது முடித்தவள் முகம் அது.

"பெட்டி பெரிசா, சின்னதா?"

"பெரிசும்மா."

டிப்போக்காரி அவள் இடித்துக்கொண்ட முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்தது. தன் கட்டைவிரலால் மெல்ல நீவிவிட்டாள். மாதக் கடைசியில் வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்பது மூன்று பேருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"சரி. இப்ப உன் முறை," என்றாள் டிப்போக்காரி. "முதல்ல கெட்டதைச் சொல்லு."

மகள் அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவை.

"அப்பாவுக்கும் தெரியாததைச் சொல்லவா?"

ரொட்டிக்காரர் காரில் கையை ஊன்றிக்கொண்டார். டிப்போக்காரி முழங்கையை விடாமல், "சொல்லு," என்றாள்.

மகள் வாயைத் திறந்தாள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன், கண்ணுங்களா. அவள் சொன்னது அடுத்த வாரம். கோபிக்காதீர்கள். எழுந்து போய் வாசலைப் பாருங்கள், உங்கள் வீட்டிலும் யாராவது வேலைக்குக் கிளம்புவார்கள், யாராவது களைத்து வந்து சேருவார்கள். உங்கள் வாசலில் கெட்ட செய்தி வந்தால் முதல் ஆளாக வந்து, சொல்லிவிட்டு, சீக்கிரம் கிளம்பிப் போகட்டும். நல்லது பின்னால் மெதுவாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே தங்கட்டும். தூங்குகிறவரும் விழித்திருக்கிறவரும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உங்கள் வீடு நல்லா இருக்கட்டும்.